செவ்வாய்க்கிழமை மழை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கிறவள். ஜவ்வாது மலையில் தானியங்கி மழைமானி வைத்துவிட்டார்களாம். கால் மணிக்கொரு தரம் அதுவே அளந்து அதுவே அனுப்பிவிடுமாம். "இனிமே மனுஷத் தப்புக்கு இடமே இல்ல மேடம்," என்றாள். ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனுஷத் தப்பு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாளே, அதில் எத்தனை தினுசு உண்டு என்று அவளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஒரு தினுசை நானே செய்திருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் அலுவலகத்தில் யாரிடமும் முழுசாகச் சொல்லாததை இப்போது எழுதிவைக்கிறேன்.

நான் கலசப்பாக்கத்துக்காரி. எழுபதுகளின் நடுவில் வானிலைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று ஆறு மாதம் வெயிலில் நிற்கவைத்தார்கள். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு மழைமானிகளைச் சோதிக்கும் வேலை. கேட்க எளிது. புனலின் வாய் சாயாமல் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மரம், சுவர் எதுவும் கிட்டத்தில் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பாட்டில் ஒழுகுகிறதா, அளவுக் குவளையில் விரிசல் உண்டா, பார்க்கிறவர் குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கிறாரா, நின்றவாக்கில் எட்டிப் பார்க்கிறாரா என்றெல்லாம் கவனிக்க வேண்டும். காலை எட்டரைக்கு அளந்தாக வேண்டும். எட்டரை என்றால் எட்டரை. பூசைக்குப் போனேன், மாட்டை அவிழ்த்தேன் என்று பத்து மணிக்கு அளந்தவர்களை நான் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் மேலதிகாரி தணிகாசலம் சார். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சிவப்புப் பென்சிலை பிளேடால் ஊசிபோல் சீவி வைத்துக்கொண்டு, நாம் கொடுக்கும் தாளில் ஓர் எண்ணுக்குக் கீழே மெல்லியதாகக் கோடு போடுவார். பிறகு நம் முகத்தைப் பார்த்து, "எப்படித் தெரியும்?" என்பார். ஒரு பதில் சொன்னால், அந்தப் பதிலுக்கும் "எப்படித் தெரியும்?" என்பார். மூன்றாவது தரம் பெரும்பாலும் நம்மிடம் பதில் இருக்காது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு முறை என்னோடு வேலை பார்த்த ஒருவர் சாருடைய வரைபடத்திலேயே தப்பு இருப்பதாகச் சொன்னார், மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றார். அடுத்த மாதம் அவரைக் கிட்டங்கியில் பழைய படிவம் எண்ண அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அறையின் நீளச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தது. மேல்கோடு கடல், கீழ்க்கோடு மழை. கடல் என்றால் நம் வங்காள விரிகுடா இல்லை. பசிபிக் கடலின் கிழக்குக் கோடி, பெரு நாட்டுக் கரையை ஒட்டிய கடல். அந்த வழியாகப் போன கப்பல்காரர்கள் வாளியில் மொண்டு பார்த்துக் குறித்துவைத்த நீரின் சூடு. கீழ்க்கோடுகள் செங்கம், கலசப்பாக்கம், அமிர்தி என்று நம் பக்கத்து மழை. இப்போது செய்தித்தாளில் எல் நினோ என்று தினமும் வருகிறது. அன்றைக்கு அதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் சிரிப்பார்கள். பெருவில் கடல் சூடானால் செங்கத்தில் சோளம் காயுமா என்று டீக்கடையில் கிண்டல் நடக்கும்.

சார் ஒரு நாள் என்னை மட்டும் உட்காரச் சொல்லி விளக்கினார். காற்றுக்கு ஞாபகம் பத்து நாள்தான். கடல் அப்படியில்லை, வாங்கின சூட்டை ஆழத்தில் வைத்திருந்து வருஷக்கணக்கில் விடும். அந்தக் கிழக்குக் கடல் சூடான வருஷங்களில் நமக்கு ஆடி, ஆவணி காயும். ஆனால் அதே வருஷம் ஐப்பசியில் பல தடவை நன்றாகவே கொட்டும். இன்னும் பெரிதாக ஓர் ஏற்ற இறக்கமும் உண்டு. சில பத்தாண்டுகள் அது அடிக்கடி சூடாகும், சில பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கும். யாரும் செய்வதில்லை, கடலின் சுபாவம் அது. "இதைப் பத்து வருஷப் பதிவை வச்சுப் பேச முடியாதும்மா. அறுபது, எழுபது வருஷம் விடாம எழுதின பதிவு வேணும்," என்றார்.

அப்படி ஒரு பதிவு ஜவ்வாது மலையில் இருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூர். அங்கே மழைமானியைப் பார்த்துக்கொண்டவர் வெள்ளையன். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. சாமை, கொள்ளு விதைக்கிற குடும்பம். புளிய மரம் நாலைந்து உண்டு. ஒரு நாள்கூட விடுபடாத பதிவு. ஆனால் அந்தக் கோடு மட்டும் மற்றக் கோடுகளோடு சேரவில்லை. கடல் சூடான வருஷங்களில் கீழே எல்லா ஊரும் விழும், இந்த மலை மட்டும் விழாமல் நிற்கும். காடு தன் மழையைத் தானே பிடித்துவைத்துக்கொள்கிறது, இந்த மலைக்குக் கடலின் பேச்சு எட்டவில்லை என்பது சாருடைய முடிவு. அதைக் கட்டுரையாக எழுதி டைப்புக்குக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற அவருக்கு ஒரு வருஷம்கூட இல்லை.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம் கடல் மறுபடி சூடானது. கீழே ஆடியில் கிணறுகள் வற்றின. ஆவணியில் மாவட்ட அலுவலகத்தில் வறட்சிப் பட்டியல் எடுக்க ஆரம்பித்தார்கள். பட்டியலில் வரும் ஊர்களுக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் விதைக் கொள்ளு கொடுப்பதாக ஏற்பாடு. பட்டியலுக்கு மழை அளவு நாங்கள்தான் தர வேண்டும். வெள்ளையனுடைய மழைமானிதான் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே மழைமானி. அதன்படி மழை இயல்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதைப் படிவத்தில் ஏற்றும் வேலை என்னுடையது.

ஏற்றும்போது ஒரு தேதி உறுத்தியது. பிறகு இன்னொன்று. மழை பெய்த நாட்கள் எல்லாம் ஏழேழு நாள் தள்ளி நின்றன. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் செவ்வாய்க்கிழமை. அளவும் ஏறத்தாழ ஒன்றுதான், பத்து மில்லிமீட்டர் கிட்டே. பழைய வறட்சி வருஷங்களின் பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். அங்கேயும் செவ்வாய். நல்ல மழை பெய்த வருஷங்களில் அப்படி எதுவும் இல்லை. நாங்கள் எப்போதும் மாதக் கூட்டுத்தொகையை மட்டுமே எடுத்துக்கொண்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

எந்த மழையாவது கிழமை பார்த்துப் பெய்யுமா? இது மழையில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் என்ன என்று தெரியாது. சாரிடம் போய்ச் சொன்னால் முதல் கேள்விக்குப் பதில் உண்டு, இரண்டாவதுக்கு அரைகுறை, மூன்றாவதுக்குக் கிடையாது. கட்டுரை டைப்பில் இருக்கிறது. கிட்டங்கி கண்முன் வந்தது. இன்னும் கொஞ்சம் உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, படிவத்தில் வெள்ளையனுடைய எண்ணை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

பதினெட்டு நாள் கழித்து மலையிலிருந்து ஒரு மனு எங்களுக்கு வந்து சேர்ந்தது. சாமை முழுக்கக் கருகிவிட்டது, எங்கள் ஊரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது ஏன் என்று கேட்டிருந்தார்கள். சார் மனுவை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீயே போய்ப் பாரு. வெள்ளையன் பொய் எழுதுறார்னா, எழுத்துல வாங்கிட்டு வா," என்றார். நான் திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்றேன். ஏன் திங்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் தங்கி, செவ்வாய் விடியும்போதே நடக்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் சாமைக் கொல்லைகள். தாள் மட்டும் நின்றது, கதிர் பிடிக்கவே இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க கொல்லையப் பார்த்துட்டுத்தான வர்றீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அப்புறம் உங்க காயிதத்துல மட்டும் எப்டிங்க மழ பேஞ்சுது?"

நேராக மழைமானி இருக்கும் திடலுக்குப் போனேன். அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். வெள்ளையன் அங்கே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள். பாட்டில், புனல், வேலி எல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாத சுத்தம். ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில் நின்றது.

அப்போது அவர் மனைவி பொன்னி ஒரு செம்பு நீரோடு வந்தாள். கூட இரண்டு பெண்கள். ஊற்றிலிருந்து வருகிறார்கள், ஈரப் புடவை. நான் நிற்பதைப் பார்த்து வணக்கம் சொன்னாள். பிறகு எந்த ஒளிவுமறைவும் இல்லாமல், வேலிக்குள் போய், செம்பிலிருந்து மூன்று கை நீர் மொண்டு புனலில் விட்டுக் கும்பிட்டாள். எட்டரை ஆனதும் வெள்ளையன் பூட்டைத் திறந்தார், பாட்டிலை எடுத்தார், குவளையில் ஊற்றினார், குனிந்து கண்ணை நேராக வைத்துப் பார்த்தார். "ஒம்பது புள்ளி எட்டு," என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதினார்.

என் நீள வாய் திறந்துகொண்டது. "இன்னாண்ணா இது, கண்ணெதிர்ல தண்ணிய ஊத்துறாங்க, நீங்க மழன்னு எழுதுறீங்க?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "மழன்னு நான் எங்கம்மா எழுதினேன்? அளவத்தான எழுதினேன். எங்கப்பன் காலத்துல வந்த ஆபீசரு சொல்லிட்டுப் போனாரு. பாட்டில்ல இருக்கறத அள, எழுது, எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ ரோசன பண்ணாத, அது எங்க வேலன்னாரு. அத்ததான் செய்றோம்."

பொன்னிக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "அளக்குற படிய வெறுமையா வுடுவாங்களாம்மா? உங்க வூட்டுல வுடுவீங்களா?" என்றாள்.

விடமாட்டோம். கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நெல் அளந்து முடித்ததும் படியில் ஒரு பிடி போட்டுத்தான் மூலையில் வைப்பார்கள். வெறும் படியை வைத்தால் வீட்டுக்கு ஆகாது. நானே எத்தனை தரம் போட்டிருப்பேன். இவர்களுக்கு இது மழையை அளக்கும் படி. மழை வந்த வாரம் அது தானே நிறைந்துவிடுகிறது, யாரும் கை வைப்பதில்லை. வராத வாரம் செவ்வாய்க்கிழமை ஊற்றுச் சாமியைக் கும்பிட்டுத் திரும்பும்போது, காலியாகக் கிடக்கக் கூடாதென்று மூன்று கை விடுகிறார்கள். வெள்ளையனுடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. எந்தெந்த வருஷம் வானம் பொய்த்ததோ அந்தந்த வருஷமாகப் பார்த்து எங்கள் பதிவேட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

மெள்ள எடுத்துச் சொன்னேன். இந்த எண்தான் கீழே போகிறது, இதைப் பார்த்துத்தான் உங்கள் ஊரில் மழை குறையவில்லை என்று முடிவு செய்தார்கள் என்றேன். பொன்னி செம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "அப்போ நான் வச்ச தண்ணிதான் எங்க வெதக் கொள்ளக் கெடுத்துச்சா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்னொருவருக்கும் அதில் பங்கு உண்டு என்றும் நான் சொல்லவில்லை.

காகிதத்தை எடுத்து, 'என் பதிவுகள் தவறானவை' என்று எழுதி நீட்டினேன். வெள்ளையன் வாங்கிப் படித்தார். அஞ்சாம் வகுப்புப் படித்தவர்.

"இதுல கையெழுத்து போட மாட்டேன்."

"போட்டாத்தாண்ணா ஊருக்குக் கொள்ளு வரும்."

"வரட்டும். நான் ஒண்ணும் தப்பா எழுதல. பதினோரு புள்ளி ரெண்ட பத்துன்னு எழுதினேனா? ஒரு நாளு நேரம் தவறினேனா? காட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் போடுப்பா, போடுப்பா என்று சத்தம் போட்டார்கள். ஒருவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். பொன்னி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அசையவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. காகிதத்தைக் கிழித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க, நான் எழுதுறேன்," என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: மழை வராத வாரம் செவ்வாய்க்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் மூன்று கை நீர் விட்டது, அது பாட்டிலில் இருந்தது, அதை அவர் சரியாக அளந்தது. அதில் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை சார் மேஜை முன்னால் நின்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். கண்ணால் பார்த்தேன் என்றேன். "எல்லா வருஷமும் இப்படித்தான்னு எப்படித் தெரியும்?" வறட்சி வருஷங்களின் செவ்வாய்க்கிழமைகளை வரிசையாக எழுதிவைத்த தாளைக் கொடுத்தேன். "உண்மையா பெஞ்ச மழை ஒரு செவ்வாய்க்கிழமையும் இல்லேன்னு எப்படித் தெரியும்?" பெய்த வாரங்களில் யாரும் நீர் விடுவதில்லை, அதனால் மற்ற நாளில் ஒரு சொட்டும் இல்லாத வாரத்தின் செவ்வாயை மட்டும் எடுத்தால் போதும் என்றேன். வேலையில் முதல் முறையாக மூன்றாவது கேள்விக்கும் பதில் இருந்தது.

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு செவ்வாயாக அவரே அடித்தார். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் திருத்தின கோட்டைச் சுவரில் போட்டபோது மலை மற்ற ஊர்களோடு சேர்ந்து விழுந்தது. கடல் சூடான வருஷங்கள் எல்லாவற்றிலும் விழுந்தது. அவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இந்த மலையும் கடலுக்குக் கட்டுப்பட்டதுதான்," என்றார். டைப்பிஸ்டிடமிருந்து கட்டுரையைத் திருப்பி வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் இத்தனை நாள் பயந்தது இந்த மனுஷனுக்கா என்று இருந்தது.

"நீ எப்போ கவனிச்சே?" என்று கேட்டார்.

"நேத்துதான் சார், மலையில."

அதை அப்படியே நம்பி, 'ஆய்வின்போது தெரியவந்தது' என்று மாவட்ட அலுவலகத்துக்கு அன்றே கடிதம் எழுதினார். ஐப்பசியில் மழை கூடுதலாக வர வாய்ப்பு உண்டு, இந்த ஊருக்கு விதை உடனே போக வேண்டும் என்றும் சேர்த்திருந்தார். வழக்கமாக அவர் அப்படியெல்லாம் எழுத மாட்டார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பட்டியல் எங்கள் கடிதத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது, விதை பட்டியல் ஊர்களுக்குப் பங்கிட்டாகிவிட்டது, அடுத்த வருஷம் பரிசீலிக்கப்படும் என்றிருந்தது. நான் கவனித்த அன்றே சொல்லியிருந்தால் கையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை வந்தது. சார் சொன்னதுபோலவே, கடல் ஆடியில் பிடுங்கினதை ஐப்பசியில் வட்டியோடு கொடுத்தது. பட்டியலில் இருந்த ஊர்களில் கொள்ளு முளைத்து நின்றது. நான் மழைமானியைச் சோதிக்க மறுபடி மலையேறினேன். குடை ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த ஊரில் பாதி வீடு பூட்டியிருந்தது. வைத்திருந்த விதையைத் தின்று தீர்த்துவிட்டு, செங்கம் பக்கம் கூலிக்குப் போயிருந்தார்கள். பொன்னியும் போயிருந்தாள்.

வெள்ளையன் இருந்தார். அளக்க ஆள் வேண்டுமே. என்னை உள்ளே உட்காரவைத்துத் துண்டு கொடுத்தார். எட்டரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும் ஆபீசரம்மா. அன்னிக்கு நீங்க திங்கக்கிழம வந்து தங்கி, செவ்வாக்கிழம காலையில சரியா வந்து நின்னீங்க. எப்டி?"

அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. தேதியைச் சொன்னேன். படிவம் அனுப்பியதையும் சொன்னேன். பயந்துவிட்டேன் அண்ணா என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். தலையெல்லாம் மழை நீர் வழிந்ததால் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "பாட்டில்ல இருந்தத நான் அன்னன்னிக்கே எழுதிட்டேம்மா," என்றார். "நீங்க தெரிஞ்சத அன்னிக்கு எழுதல."

பிறகு மணி பார்த்து வெளியே போனார். பாட்டில் நிரம்பி வழிந்து, அதைச் சுற்றியிருந்த உருளையிலும் நீர் நின்றது. குவளையில் பல தடவை ஊற்றி அளந்து, கூட்டிப் பார்த்தார். உள்ளே வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை என் முன்னால் விரித்தார். ஆவணி மாதத்துப் பக்கத்தைத் திருப்பி, குறிப்பு எழுதும் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க எழுதுங்க. எந்தத் தேதியில தெரிஞ்சுதோ அந்தத் தேதிக்கு நேரா."

எழுதினேன். என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். அப்புறம் அன்றைய பக்கத்துக்கு வந்து, எழுபத்தொன்று புள்ளி நான்கு என்று எழுதினார். வெளியே விதைக்காத கொல்லைகளில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.